பொட்டு வைத்த சிட்டு

12 ஜூன் 2006, திங்கள்

பேட்டரி ஏஜென்சிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. முதல் ஐந்து மாதத்தையும் என் தம்பி முத்து சர்க்யூட் கிறுக்கியே தீர்த்துவிட்டான். மிச்சத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். ஒரு கம்பெனி தொடங்குகிறோம், நடந்ததை யாராவது எழுதி வைக்க வேண்டாமா? முத்துவுக்கு வாயும் வராது, எழுத்தும் வராது. விற்பனையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அன்வர்தீனுக்கு வாய் மட்டும்தான் வரும்.

இன்று பெயர் வைத்தோம். எங்கள் எம்பி3 பிளேயர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அன்வர்தீன் காலையிலிருந்து இங்கிலீஷ் பெயராக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, காலேஜ் பசங்க தொடோணும்னா ஸ்டைலா இருக்கோணுங்க. 'மேக்ஸோவிட்'னு வெச்சா எப்படிங்க?"

"மாட்டுக்குக் குடுக்கற மருந்தாட்ட இருக்குது."

முத்து போர்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சிட்டு," என்றான். அன்வர்தீன் திரும்பிப் பார்த்தான். "கையில வெச்சுப் பாரு. கனமே இல்லை. சிட்டு."

வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன், அதையும் உருப்படியாகப் பேசிவிடுகிறான். சிட்டுதான்.

காந்திபுரத்தில் என் கேசட் ரெக்கார்டிங் கடையை மூடிவிட்டு, கணபதியில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே போட்ட இந்தப் பட்டறைக்கு வந்தபோது நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சத்தம் என் இலாகா. டேப் தேய்ந்திருக்கிறதா, ஹெட்டில் அழுக்கா என்று காதாலேயே சொல்கிறவள் நான். சீனாவிலிருந்து வந்து குவிகிற பிளேயர்களில் இருப்பதும் எங்களிடம் இருப்பதும் ஒரே சிப். திரையில் தமிழ் எழுத்து வருவது முத்துவின் கெட்டிக்காரத்தனம். ஆனால் கடைக்காரர் மாட்டிப் பார்த்ததும் 'அட!' என்று சொல்ல வேண்டியது சத்தத்துக்காகத்தான். அதாவது என் காதுக்காக. தீபாவளிக்குள் கடைகளில் இடம் பிடிக்காவிட்டால் சிட்டுக்கு அடுத்த தீபாவளி கிடையாது, அவ்வளவு வேகமாகச் சீனாச் சரக்கு வருகிறது.

துளசிமணியின் காது தோற்காது. இதை நானே எழுதிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

5 ஜூலை, புதன்

மாஸ்டர் பீஸ் முடிந்தது! குரல் முன்னால் நிற்கிறது, தபலா பின்னால் உட்கார்ந்திருக்கிறது, இரைச்சல் போன இடம் தெரியவில்லை. பழைய பாட்டு ஒன்றில் இடது பக்கம் மட்டும் ஒரு கடம் வரும். அது தனியாக, சுத்தமாக, மண்வாசனையோடு கேட்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மோதிர விரலால் அதன் முதுகில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். இனி எல்லாச் சிட்டுக்கும் இதிலிருந்துதான் மென்பொருள் நகலெடுப்பார்கள். அசெம்பிளி வேலைக்கு வந்திருக்கும் பேபி ஒவ்வொரு பீஸையும் இதோடு ஒப்பிட்டுக் கேட்டுத்தான் பெட்டியில் போடுவாள். நம்பர் ஒட்டலாமே என்றான் அன்வர்தீன். நம்பர் ஆயிரம் இருக்கும், பொட்டு ஒன்றுதான் இருக்கும் என்றேன். பேபிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அதைத் தொடும்முன் கை கழுவிக்கொண்டு வருகிறாள்.

18 ஜூலை, செவ்வாய்

புதுக் குக்கர் தண்டம். நான் போனில் அன்வர்தீனோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விசில்கூட அடிக்காமல் பருப்பைத் தீய்த்துவிட்டது. கீழே பட்டறையில் இருந்த முத்து, "ஏழெட்டு விசில் வந்துச்சேக்கா," என்கிறான். வந்திருந்தால் ஓடி வந்து அடுப்பை அணைக்க வேண்டியதுதானே? இவனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

24 ஜூலை, திங்கள்

முத்துவுக்கு வாஸ்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. பட்டறையில் என் மேசைக்கு இடது பக்கம் இருந்த தன் மேசையை, கம்ப்யூட்டர், சால்டரிங், ஸ்கோப் எல்லாவற்றோடும் வலது பக்கத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறான். ஜன்னல் போச்சு, ஃபேன் காற்று போச்சு, சுவர் பார்த்து வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னத்துக்குடா இது?"

"வாஸ்துக்கா. கிழக்குப் பார்த்து உக்காந்தா நல்லதாம்."

"ஆடி மாசத்துல ஒரு ஆணியக்கூட இடம் மாத்த மாட்டாங்க. நீ வாஸ்து பார்த்து மேசைய மாத்தறயா? எந்தப் பஞ்சாங்கத்துலடா போட்டிருக்குது?"

கோயிலுக்குக் கூப்பிட்டால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நிற்கிற ஆள்! இன்று பூராவும் இதைச் சொல்லி அவனைக் கிண்டல் செய்தோம். பேபி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தாள். அதையும் சாயங்காலம் சர்பத் போட்டுக் குடித்துவிட்டான்.

9 ஆகஸ்ட், புதன்

ஆர்டர் குறிக்கும்போது போனை வலது காதில் வைத்துப் பேசினால் எழுதுகிற கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது. இருந்தாலும் அதில்தான் தெளிவு. பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

5 செப்டம்பர், செவ்வாய்

புதிதாக வந்த போர்டுகளில் இடது பக்கம் சோடை. முத்துவிடம் சொல்லிச் சொல்லி இடதை ஏற்றி ஏற்றி சாம்பிள் போட வைக்கிறேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மேசை நிறைய சாம்பிள் பீஸ் சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா" என்கிறான். ஏனென்று ஒரு கேள்வி கேட்பதில்லை. எனக்கு அவன் சண்டை போட்டால் பிடிக்கும். இந்தச் 'சரிக்கா' பிடிக்கவில்லை.

அன்வர்தீன் ஒரு சாம்பிளை மாட்டிக் கேட்டுவிட்டு, "இடது சித்த தூக்கலா..." என்று ஆரம்பித்தான். முத்து அவனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டான். விற்கிறவனுக்கு என்ன தெரியும், நல்ல வேலை செய்தான்.

சாயங்காலம் நூறடி ரோட்டைக் கடக்கும்போது ஒரு மினி பஸ் ஹாரனே அடிக்காமல் இடது பக்கத்திலிருந்து வந்துவிட்டது. அன்வர்தீன் கையைப் பிடித்து இழுத்தான். டிரைவரை நான் திட்டிய திட்டில் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும், ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் வந்தார் என்று அவனுக்குப் பரிந்து பேசினார். சொந்தக்காரராக இருக்கும்.

1 அக்டோபர், ஞாயிறு

ஆயுத பூசை. சிரிக்கவா அழவா தெரியவில்லை.

வெளியூர்ப் பெரிய கடைக்காரர் ஒருவர் தன் எல்லாக் கிளைகளிலும் சிட்டுவுக்கு ஒரு தனி ரேக் தருவதாகச் சொல்லிவிட்டார். முதல் லாட் பதினான்காம் தேதி ரேக்கில் இருக்க வேண்டும். சத்தம் பிடிக்காவிட்டால் மொத்தமும் திரும்பி வரும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் பூசையை அமர்க்களமாகச் செய்தோம். பொரி, கடலை, தேங்காய், ஆப்பிள். பேபி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். நான்தான் மகராசி மாதிரி கையை வீசிச் சொன்னேன்: "எதையும் விட்டுடாதே பேபி. எல்லாத்துக்கும் வை."

அவள் விடவில்லை. சால்டரிங் அயர்ன், ஸ்கோப், ஃபேன் ஸ்விட்ச், அன்வர்தீனின் பைக், எல்லாவற்றுக்கும் வைத்தாள். மேசையில் இருந்த சாம்பிள் சிட்டுகளையும் வரிசையாகக் குப்புறப் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் அழகாக ஒரு பொட்டு வைத்து, அலமாரியிலிருந்த மாஸ்டர் பீஸை 'தனியா இருக்குதே பாவம்' என்று எடுத்து நடுவில் வைத்து, அதற்கும் பழைய பொட்டின் மேலேயே புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். கற்பூரம் காட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே முதுகு, ஒரே பொட்டு.

"எதும்மா நம்ம பீஸு?" என்றேன்.

பேபி வாயில் கையை வைத்தாள்.

நம்பர் ஒட்டலாம் என்று சொன்னவன் இப்போது என்னைப் பார்க்காமல் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன்.

2 அக்டோபர், திங்கள்

"நான் மீட்டர் வெச்சுப் பாத்துடறேன்க்கா," என்றான் முத்து.

"மீட்டரா பாட்டுக் கேக்கப்போகுது? தள்ளு."

எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டேன். கடம் வருகிற அந்தப் பாட்டைத்தான் போட்டேன். எதிலும் கடத்தைக் காணோம். எங்கேயோ பக்கத்து வீட்டில் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. முத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்றில் கடம் வந்தது, பளிச்சென்று. "இதுதான்!" என்று கத்திவிட்டேன். பேபி அழுதே விட்டாள். மற்ற எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லி, இதற்கு மோதிர விரலால் புதிதாகப் பொட்டு வைத்தேன்.

முத்து, "சரிக்கா," என்றான்.

7 அக்டோபர், சனி

லாட் ஓடுகிறது. பட்டறை முழுக்க அட்டைப் பெட்டி. சாப்பாடு மூன்று வேளையும் தக்காளி சாதம்.

14 அக்டோபர், சனி

ரேக் ஏறியாயிற்று. மத்தியானமே அன்வர்தீன் போன் செய்தான். கடைக்காரர் மாட்டிக் கேட்டாராம், எடுத்துவிட்டுத் தன் மகன் காதில் மாட்டினாராம், "இது எந்த நாட்டுது?" என்று கேட்டாராம்.

"கணபதினு சொன்னேங்கக்கா. அது எந்த நாட்டுல இருக்குதுன்னு கேக்கறாருங்க!"

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். பேபி என் காது இரண்டுக்கும் திருஷ்டி சுற்றினாள்.

அப்புறம் லாட்டில் ஒன்றை எடுத்து ஆசையாக மாட்டிக் கேட்டேன். கடம் இல்லை. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இல்லை. ஊரே நன்றாக இருக்கிறது என்கிற பெட்டியில் இடது பக்கம் செத்துக் கிடக்கிறது. நான் பொறுக்கிக் கொடுத்த சத்தம் இது இல்லை. யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

15 அக்டோபர், ஞாயிறு

அலமாரியைத் திறந்து பார்த்தேன். மாஸ்டர் பீஸில் பொட்டு இருந்தது. ஆனால் அது என் பொட்டு இல்லை. நான் வைப்பது மிளகு அளவு. இது கட்டை விரலை அழுத்தி வைத்த அப்பளப் பொட்டு. வீட்டில் அப்படிப் பொட்டு வைக்கிற தடியன் ஒருவன்தான்.

"ஏண்டா, பீஸ மாத்துனது யாரு?"

"நான்தான்க்கா."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என் காதை நம்பாதவன், எல்லார் முன்னாடியும் என்னை எதுக்குடா பொறுக்க உட்டே? வேடிக்கை பாத்தயா?"

அவன் எழுந்து வந்தான். ஒரு சிட்டுவில் அந்தப் பாட்டைப் போட்டு என் காதுகளில் மாட்டினான்.

"எந்தப் பக்கம்க்கா கொறையுது?"

"இடது. அதைத்தான் ஆவணியில இருந்து கத்தறேன்."

இரண்டையும் கழற்றினான். வலதை இடது காதிலும் இடதை வலது காதிலும் மாற்றி மாட்டினான். சின்ன வயதில் நான் அவனுக்குக் குளிருக்கு மப்ளர் கட்டிவிடுவேன், அந்த மாதிரி மெதுவாக.

"இப்ப?"

கடம் வந்தது. வலது காதில். சுத்தமாக, மண்வாசனையோடு. இடது பக்கம் ஒன்றுமே இல்லை.

என் கடையில் யாராவது ஹெட்ஃபோன் சரியில்லை என்று வந்தால் நான் சொல்கிற முதல் வார்த்தை, 'மாத்தி மாட்டிப் பாருங்க' என்பதுதான். இத்தனை மாதமாக நான் ஏன் ஒரு தடவைகூட மாற்றி மாட்டவில்லை என்று டைரி என்னைக் கேட்கக்கூடாது.

16 அக்டோபர், திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

17 அக்டோபர், செவ்வாய்

டாக்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை நேரம் கையைத் தூக்காமல் உட்கார்ந்தது இல்லை. இடது காது நரம்பு தளர்ந்துவிட்டதாம், திரும்பி வராதாம். வலது கல் மாதிரி இருக்கிறதாம்.

"ஏம்மா, இவ்வளவு நாளா தெரியலீங்களா? என்ன வேலை பாக்கறீங்க?"

முத்துதான் சொன்னான்: "எங்க கம்பெனில சத்தம் பாக்கறாங்க, சார்."

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஆட்டோவில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். முத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். வலது பக்கம் உட்கார்ந்திருந்தான்.

19 அக்டோபர், வியாழன்

சொல்லிவிட்டேன். இனி சத்தத்தை பேபி பார்க்கட்டும், நான் பேக்கிங் பார்த்துக்கொள்கிறேன், பொங்கலுக்குப் போட இருக்கிற அடுத்த லாட்டுக்கும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று.

"சரிக்கா," என்றான்.

வேண்டாம்க்கா என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். காது இல்லாத துளசிமணியை இவர்கள் என்ன செய்வார்கள்? வருகிறவர்களிடம் பழைய ரெக்கார்டிங் கடைக்காரி என்று அறிமுகம் செய்வார்கள். பெட்டிக்கு டேப் ஒட்டினேன். பேபி என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினாள். அவளையும் திட்டினேன்.

21 அக்டோபர், சனி. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, ஒரு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவெல்லாம் வெடி. எல்லா வெடியும் வலது பக்கமே வெடித்தது. நோம்பி நாளில் அழக்கூடாது என்று இன்னொரு மைசூர்பாகு போட்டுக்கொண்டேன். அன்வர்தீன் போன் செய்து, ரேக் பாதிக்கு மேல் காலி, இன்னும் சரக்கு கேட்கிறார்கள் என்று கூவினான். என் காது இல்லாமலே சிட்டு பறந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பாட்டுக் கேட்கலாம் என்று மாட்டினேன். வலதில் குரலும் வயலினும் வருகிறது, கடம் வரவில்லை. மாற்றி மாட்டினால் கடம் வருகிறது, வயலின் போய்விடுகிறது. இனி வாழ்நாள் முழுக்க எனக்குப் பாதிப் பாட்டுதானா? அதற்கு மேல் ரோஷம் நிற்கவில்லை. கீழே போனேன். நோம்பியும் அதுவுமாக அவன் பட்டறையில் உட்கார்ந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தான்.

"டேய் முத்து, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுக்கா."

"ரெண்டு பக்கத்தையும் கலந்து, ஒரே காதுல முழுப் பாட்டும் வர்ற மாதிரி பண்ண முடியுமாடா? எத்தனை மாசமானாலும் பரவால்ல. எனக்கு மட்டும் ஒரு பீஸ்."

அவன் என் கையிலிருந்த சிட்டுவை வாங்கினான். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பிடித்தான். மெனுவில் கடைசியாக, நான் பார்த்தே இராத ஒரு வரி வந்தது. 'ஒரு காது.' அதைத் தட்டி, என் வலது காதில் மட்டும் மாட்டினான்.

வயலின் வந்தது. குரல் வந்தது. குரலுக்குப் பின்னால், தன் இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கடம் வந்தது.

பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டுத்தான் கழற்றினேன்.

"எப்படா பண்ணினே?"

"ஆடியில."

"ஆடியிலயா?"

"முதல் லாட்டுல எல்லாப் பீஸ்லயும் இருக்குதுக்கா. மறைச்சு வெச்சிருந்தேன். நீ கேக்கறப்ப தொறந்துக்கலாம்னு." கழுத்தைச் சொறிந்தான். "நீ கேக்கவே மாட்டீங்கறே."

ஊர் ஊராக, கடை கடையாக, நான் திட்டித் தீர்த்த அத்தனை சிட்டுவுக்குள்ளும் என் காது உட்கார்ந்திருந்திருக்கிறது. அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். பிறகு அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். நோம்பியாவது ஒன்றாவது.

"இடது வலது மீட்டர் பாத்துக்கும்க்கா," என்றான். "குரல் முன்னால நிக்குதான்னு மீட்டருக்குத் தெரியாது. அதுக்கு ஒரு காது போதும். பொங்கல் லாட்டுக்கு நீதான் பாக்கோணும்."

இவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடுத்த லாட்டில் அந்த வரியை மறைக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மெனுவிலேயே இருக்கட்டும் என்றேன். என்னைப் போல வாய்விட்டுக் கேட்காத வீம்புக்காரர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள்.

"சரிக்கா," என்றான். இன்றைக்குத்தான் அந்தச் சரிக்காவின் சத்தம் எனக்குச் சரியாகக் கேட்டது.

மறுபடி ஒரு தடவை அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு என் மேசையில் போய் உட்கார்ந்தேன். அவன் தன் மேசையில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தான். மைசூர்பாகு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். அவ்வளவு மெதுவாகப் பேசியும் பட்டென்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் இல்லை, காற்று இல்லை, ஆடி மாதத்திலிருந்து சுவரைப் பார்த்து வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், என் வலது பக்கத்தில்.

வாஸ்துவாம், வாஸ்து!